ஓட்டுநர் இல்லாத லாரியும் வண்டிச் சத்தமும்

சரக்கு லாரிகளை ஓட்டுவதற்கு ஆள் வேண்டியதில்லை என்னும் காலம் வந்துவிட்டால் வாடகை பாதியாக இறங்கிவிடும் என்று பலர் நம்புகின்றனர். நம்பிக்கைக்குக் காரணம் வெளிப்படை. ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு, படி உண்டு, சாப்பாட்டுச் செலவு உண்டு, உறக்கமும் உண்டு. இயந்திரத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அச்செலவு முழுவதும் கழிந்து, நூற்சிப்பத்துக்கும் காய்கறி மூட்டைக்கும் நாம் தரும் சத்தம் அந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்பது அவர்கள் போடும் கணக்கு. கேட்பதற்கு நேராகத்தான் இருக்கின்றது. ஆனால் வாடகை என்பது வண்டிக்காரனின் செலவைக் கூட்டிப் பார்த்து வாங்கப்படும் தொகை என்று கொண்டால் மட்டுமே அது நேராகும். வண்டிச் சத்தம் அங்ஙனம் நிர்ணயமாவதில்லை என்பதைச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோய்ப் பழகிய எவரும் அறிவர்.

நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் அத்தகைய லாரிகள் வாடகைக்கு ஓடவில்லையே, இப்பொழுதே இதைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று கேட்பாரும் உளர். கரூர்ப் பகுதியிலிருந்து கப்பலேறும் மேசை விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியபின் கடைவரை லாரியில்தான் போகின்றன. அந்த லாரியின் வாடகை இங்குள்ள தறிக்காரருக்குக் கிடைக்கும் விலையைத் தொடாமல் போவதில்லை. அதுவன்றி, போக்குவரத்தில் ஒரு புதுமை ஓரிடத்தில் வேரூன்றும்பொழுது அதன் கட்டண முறையும் உடன் பிறந்துவிடுகின்றது. வண்டி நம் ஊருக்கு வந்து சேரும் நாளில் முறையும் தயாராகவே வந்து இறங்கும். அது வகுக்கப்படும் இடத்தில் என்ன நடக்கின்றது என்று முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

நடந்திருப்பது இது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கும் ஹூஸ்டன் நகருக்கும் இடையே சுமார் 240 மைல் தூரம், ஓட்டுநர் இல்லாத லாரியில் வாடகைச் சரக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டதாக அரோரா என்னும் கம்பெனி 2025-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. சில வாரங்களுக்குள்ளேயே, லாரியைக் கட்டிய தொழிற்சாலையார் கேட்டுக்கொண்டதன் பேரில், கவனித்துக்கொண்டிருப்பதற்காக மட்டும் ஓர் ஆளை ஓட்டுநர் ஆசனத்தில் மீண்டும் அமர்த்தினார்கள். ஆள் ஏற்றும் வண்டியில் இம்முயற்சி இன்னும் முன்னேறியிருக்கின்றது. 2009-ல் கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாகத் தொடங்கி, 2016-ல் வேமோ என்று தனிப்பெயர் பெற்ற கம்பெனி, பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரங்களில் ஆளில்லா டாக்ஸிகளைக் கட்டணத்துக்கு விட்டிருக்கின்றது. சீனத்தில் ஊஹான் நகரில் பைடு கம்பெனியாரும் அவ்வாறே செய்திருக்கின்றனர். இவை பொருட்காட்சியில் நிறுத்திய பொம்மைகள் அல்ல. காசு வாங்கும் வண்டிகள். எனவே கட்டணத்தைப் பற்றிப் பேச வெறும் ஊகம் ஒன்றே கதி என்று இனிச் சொல்வதற்கில்லை.

முதலில் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்க லாரித் தொழிலின் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகின்றது. 2023-ம் ஆண்டுக்கு அது கண்ட கணக்கின்படி லாரியை ஒரு மைல் ஓட்ட ஆகும் செலவு 2 டாலர் 27 சென்ட். இதில் ஓட்டுநரின் சம்பளமும் சலுகைகளும் சேர்ந்து சுமார் 97 சென்ட். எரியெண்ணெய்க்குச் சுமார் 55 சென்ட். அதாவது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டுநருக்கே போகின்றது. அந்நாட்டுச் சட்டப்படி ஓர் ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் அடுத்துத் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். மணிக்கு 60 மைல் வீதம் 1,000 மைல் போகவேண்டிய ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். முதல் 660 மைல் போனதும் வண்டி நிற்கும். பத்து மணி நேரம் கழித்து எஞ்சிய 340 மைலும் போகும். மொத்தம் ஏறத்தாழ 27 மணி நேரம். இயந்திரம் ஓட்டினால் இதே தூரத்துக்கு 17 மணி நேரம் போதும். தக்காளியும் கீரையும் பழமும் அனுப்புவோருக்கு இந்தப் பத்து மணி நேரம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குப் போட்ட முதலும் அதிக மைல்களில் பரவுவதால் மைலுக்கு விழும் வட்டி குறைகின்றது. இந்தப் பயன் மெய்யானது; அதை நாம் மறுக்கவில்லை.

(நம் நாட்டில் கணக்கு வேறாக இருக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுதல் வேண்டும். இங்கே லாரிச் செலவில் பெரும்பங்கு டீசலுக்குப் போகின்றது; சுங்கமும் டயரும் தவணையும் அதன்பின் நிற்கின்றன. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் கொடுக்கப்படுவது அமெரிக்க விகிதத்துக்கு அருகிலும் வராது. ஓட்டுநரை இறக்கிவிட்டு அவர் இடத்தில் விலையுயர்ந்த கருவிகளை ஏற்றினால் மிச்சமாவது இவ்வளவு என்று அமெரிக்கக் கணக்கைப் படித்துவிட்டுச் சொல்பவர்கள் இதனை நினைவில் வைப்பது நல்லது.)

இனி வாடகைப் பக்கம். ஊஹானில் 2024-ம் ஆண்டின் நடுவில் ஆளில்லா டாக்ஸியின் கட்டணம் 4 யுவான் முதல் 16 யுவான் வரை இருந்தது. அதே தூரத்துக்கு ஆள் ஓட்டும் வண்டிக்கு 18 முதல் 30 யுவான் வரை கொடுக்க வேண்டியிருந்தது. ஊர் டாக்ஸிக்காரர்கள் பிழைப்புப் போயிற்று என்று முறையிட்டனர். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 2025-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒபி என்னும் கட்டண ஒப்பீட்டுக் கம்பெனி எடுத்த கணக்கில், ஆளில்லாத வேமோ வண்டியின் சராசரிக் கட்டணம் 20 டாலர் 43 சென்ட். ஆள் ஓட்டும் ஊபர் வண்டிக்கு 15 டாலர் 58 சென்ட். லிப்ட் வண்டிக்கு 14 டாலர் 44 சென்ட். ஓட்டுநர் இல்லாத வண்டிக்கே கட்டணம் அதிகம்! இரு நகரங்களிலும் ஓட்டுநரை நீக்கிவிட்டார்கள். ஒன்றில் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. மற்றொன்றில் மேலே ஏறிற்று. ஆகவே கட்டணத்தை ஏற்றியதும் இறக்கியதும் ஓட்டுநரின் கூலி அல்ல என்பது தெளிவு.

ஊஹானில் இறங்கியது கம்பெனி தன் கைம்முதலைச் செலவிட்டு ஊரைப் பழக்கிக்கொள்ள விரும்பியதால். இத்தகைய மலிவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஊபர் கம்பெனியின் வரலாறே போதும். முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு பல ஆண்டுகள் குறைந்த கட்டணத்தில் வண்டி விட்ட அக்கம்பெனி 2019-ம் ஆண்டில் மட்டும் 850 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. நஷ்டத்தை நிறுத்தவேண்டிய காலம் வந்தபொழுது மலிவும் போயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் நிலைமை வேறு. அங்கே முதலில் ஆளில்லா டாக்ஸிக் கம்பெனிகள் இரண்டு இருந்தன. 2023 அக்டோபரில் குரூஸ் என்னும் கம்பெனியின் வண்டி ஒரு பாதசாரியை இழுத்துச் சென்ற விபத்தை அடுத்து அதன் அனுமதி நிறுத்தப்பட்டது. 1,000 கோடி டாலருக்கு மேல் அதில் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் அம்முயற்சியையே கைவிட்டது. எஞ்சியது ஒரு கம்பெனி. இளைஞர் சிலர் புதுமைக்காகவும், பெண்கள் சிலர் தனியே செல்லும் நிம்மதிக்காகவும், கூடக் கொடுத்து ஏறினார்கள். சந்தை வாசலில் ஒரே வண்டி நின்றால் வண்டிக்காரன் சொல்வதுதான் சத்தம்.

இதைவிட முக்கியமானதும், நம்மைப் போன்றார் கூர்ந்து நோக்க வேண்டியதுமான ஒரு காரணம் உண்டு. ஆட்கள் ஓட்டும் டாக்ஸியில் மாலை நெருக்கடி வந்தால் கட்டணம் ஏறும். ஏறியதைக் கண்டு வீட்டில் இருந்த ஓட்டுநர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வண்டி பெருகியதும் கட்டணம் தணியும். ஆளில்லா வண்டிகளில் இது நடவாது. கம்பெனி வாங்கி வைத்திருக்கும் வண்டிகள் எத்தனையோ அத்தனையே. நெருக்கடி வந்தால் புதிதாக ஒரு வண்டியும் வராது. கட்டணம் மட்டும் ஏறி நிற்கும். நெருக்கடி நேரத்துக்கென்று கூடுதலாக வண்டிகள் வாங்கி வைத்தால் மற்ற நேரத்தில் அவை சும்மா நிற்கும். சும்மா நிற்கும் வண்டிக்கும் வட்டி உண்டு. எனவே எந்தக் கம்பெனியும் நெருக்கடிக்குத் தக்கபடி வண்டி வைக்காது. சாதாரண நாளுக்குத் தக்கபடி வைத்துக்கொண்டு, நெருக்கடி நாளில் விலையை ஏற்றுவதே அதற்கு லாபம்.

நகரத்து மாலை நேரத்தை விட்டு அறுவடைப் பருவத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் வருவது ஆண்டில் சில வாரங்களே. அந்த வாரங்களில் சரக்கு பன்மடங்காகின்றது, பழம் காத்திருக்காது. சிமெண்டும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டிருந்த லாரிகள் பருவம் கண்டு பழத்துக்குத் திரும்புகின்றன. ஒரு லாரியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர் எந்த ஊரில் சரக்கு மிகுதியோ அந்த ஊருக்கு வந்து நிற்கின்றார். வாடகை ஏறுகின்றது என்பது மெய்; ஆயினும் ஏறுவதற்கு ஓர் எல்லை இருப்பது இவர்கள் வந்து நிற்பதால்தான். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்னும் சுதந்திரம் இவருக்கு உண்டு. குறிப்பிட்ட சில நெடுஞ்சாலைகளின் படத்தை மட்டும் மனப்பாடம் செய்து ஓடும் ஆளில்லா லாரிக்கு அது இல்லை. பாதையை அளந்து, சோதித்து, அனுமதி பெற்ற பின்னரே அது ஓடும். பருவம் கண்டு திடீரென்று நம் தோப்பு வாசலுக்கு அது வாராது.

சரக்கில்லாத மாதங்களிலும் இதே வேறுபாடு வேறு உருவில் தோன்றும். சொந்த லாரிக்காரர் வண்டி சும்மா நிற்பதைவிட டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டினால் போதும் என்று ஒப்புக்கொள்கின்றார். தவணைக்காரன் வீட்டு வாசலில் நிற்கும்பொழுது அவர் வேறென்ன செய்ய இயலும்? நாம் மலிவென்று மகிழும் வாடகையில் ஒரு பங்கு அவருடைய தூக்கத்திலிருந்தும், அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலிருந்தும் வந்தது. இதனை நாம் பெருமையாகச் சொல்லவில்லை. கணக்கில் இருப்பதைச் சொல்கின்றோம். சந்தையின் ஏற்றத்தாழ்வை இதுகாறும் தாங்கி வந்த மெத்தை அந்த மனிதர். பெருங்கம்பெனி அங்ஙனம் தாங்காது. கட்டுப்படியாகாத வாடகைக்கு ஓட்டுவதைவிட லாரியைக் கொட்டகையில் நிறுத்திவிடும். நாலு கம்பெனியே உள்ள இடத்தில் நாலும் ஒன்றுபோல நிறுத்தினால் வாடகை தானே மேலேறும். ஆளில்லா லாரி வந்தால் வாடகை குறையும் என்பவர்கள் கூலியை மட்டும் கழிக்கின்றார்கள். கூலிக்காரர் இதுவரை விழுங்கி வந்த நஷ்டத்தைக் கூட்ட மறந்துவிடுகின்றார்கள்.

கூலி மிச்சமாவது எங்கே போகும் என்பதற்கும் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றது. முன்சொன்ன அரோரா கம்பெனி, லாரி விற்பதையோ காலமெல்லாம் தானே லாரி ஓட்டுவதையோ தன் முடிவான தொழிலாகக் கருதவில்லை. லாரிக் கம்பெனிகளுக்குத் தன் இயந்திர ஓட்டுநரை மைலுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதே தன் வியாபாரம் என்று அது பகிரங்கமாகச் சொல்லி வருகின்றது. அதாவது ஓட்டுநருக்கு மைலுக்கு 97 சென்ட் கொடுத்த இடத்தில் இயந்திரத்துக்கு மைலுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அத்தொகை எவ்வளவு? 97 சென்ட்டைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும், லாரிக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். வேறு இயந்திரம் கிடைக்குமானால் தொகை இறங்கும். கிடையாதென்றால் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தொழிலில் இறங்கிய ஸ்டார்ஸ்கி கம்பெனி 2020-ல் மூடப்பட்டது. எம்பார்க் கம்பெனி 2023-ல் கடையைக் கட்டியது. வேமோவும் தன் லாரி வேலையை 2023-ல் ஒதுக்கி வைத்தது. கோடி கோடியாகச் செலவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வல்லவர் மட்டுமே நிற்கக்கூடிய துறை இது. நிற்பவர் சிலரே இருப்பர்.

அமெரிக்கக் குடியானவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. அவர்களுடைய பாட்டன்மார் ரெயில்வேயிடம் பட்டது இது. ரெயில் வந்தபொழுது மாட்டு வண்டியைவிட மிகக் குறைந்த செலவில் தானியம் போகும் என்றார்கள். செலவு குறைந்ததும் உண்மைதான். ஆனால் சிக்காகோவுக்கும் கீழ்க்கரைத் துறைமுகங்களுக்கும் இடையே பல ரெயில் கம்பெனிகள் போட்டியிட்டதால் அங்கே வாடகை தாழ்ந்தது. நடுவே ஒரே பாதை மட்டும் செல்லும் ஊர்களில் உயர்ந்தது. குறைந்த தூரத்துக்குக் கூடிய வாடகையும், கூடிய தூரத்துக்குக் குறைந்த வாடகையும் வாங்கப்பட்ட விசித்திரம் உண்டாயிற்று. பெரிய வியாபாரிக்கு இரகசியத் தள்ளுபடி. சிறு குடியானவனுக்கு அச்சிட்ட கட்டணம். 1867-ல் தோன்றிய கிரேஞ்ச் என்னும் குடியானவர் இயக்கம் இதனை எதிர்த்துக் கிளம்பிற்று. கூட்டுறவுக் கடைகளையும் தானியக் களஞ்சியங்களையும் நடத்திய இயக்கமும் அதுவே என்பது நம் அங்கத்தினர் அறிந்து மகிழத்தக்கது. அதன் முயற்சியால் மாநிலங்கள் சில ரெயில், களஞ்சியக் கட்டணங்களுக்கு வரம்பு கட்டின. பொதுமக்கள் நலன் கலந்த தொழிலின் கட்டணத்துக்கு வரம்பு கட்ட அரசுக்கு உரிமை உண்டென்று 1877-ல், சிக்காகோ தானியக் களஞ்சியம் ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1887-ம் ஆண்டுச் சட்டம் ரெயில் கட்டணங்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்றும், ஒரே பாதையில் குறுந்தூரத்துக்கு நெடுந்தூரத்தைவிடக் கூட வாங்கலாகாது என்றும் விதித்தது. ரெயில் வந்த பின் இவ்விதி வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

வரம்பு கட்டிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 1935-ல் லாரிகளுக்கும் அதே பாணியில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அச்சட்டம் காலப்போக்கில், இருக்கும் லாரிக் கம்பெனிகளைப் புதியவரின் போட்டியிலிருந்து காக்கும் வேலியாக மாறிவிட்டது. ஆனால் அதில் ஒரு வாசல் வைத்திருந்தார்கள்: பதப்படுத்தாத விளைபொருள்களை ஏற்றும் லாரிகளுக்கும், குடியானவர் கூட்டுறவுச் சங்கங்களின் லாரிகளுக்கும் அக்கட்டுப்பாடு இல்லை. 1950-களில், உரித்த கோழி இறைச்சியும் விளைபொருளே என்று நீதிமன்றம் கூறிற்று. கட்டுப்பாடு நீங்கி வேறு லாரிகளும் அதை ஏற்ற முன்வந்தவுடன் கோழி இறைச்சியின் வாடகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. லாரியும் அதே லாரி, ஓட்டுநரும் அதே ஓட்டுநர், டீசலும் அதே டீசல். இயந்திரம் ஏதும் மாறாமலே மூன்றில் ஒரு பங்கு! ஏற்ற வருபவரின் எண்ணிக்கை ஒன்றே மாறிற்று.

மறுபுறம், செலவு அடியோடு சரிந்தும் வாடகை அந்த வேகத்தில் சரியாத கதையும் உண்டு. 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். (அதே ஹூஸ்டன்தான்.) உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலத்தில் அவருக்கு ஆனது டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு. துறைமுகத் தொழிலாளர் பல்லாயிரவருக்கு வேலை போயிற்று. ஆயினும் கப்பல் கம்பெனிகள் கூடிப் பேசித் தங்களுக்குள் ஒரே கட்டணம் வைத்துக்கொண்ட பாதைகளில், மூட்டை தூக்கும் கூலி போன அளவுக்குச் சரக்கனுப்புவோரின் கட்டணம் போய்விடவில்லை.

செலவு மிச்சம் யாருக்கு என்னும் கேள்வியே எழாத இடமும் ஒன்று இருக்கின்றது. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்துப் பில்பாரா இரும்புச் சுரங்கங்களில் ரியோ டின்டோ கம்பெனி 2008 முதல் ஆளில்லா லாரிகளை ஓட்டிப் பார்த்தது. 2018 ஜூலையில் சுமார் 280 கிலோமீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாத ரெயிலில் தாது கொண்டுபோய்த் துறைமுகத்தில் சேர்த்தது. அங்கே தாதும் அதனுடையது, லாரியும் அதனுடையது, தண்டவாளமும் அதனுடையது. மிச்சமானதெல்லாம் அதன் பெட்டிக்கே போயிற்று. யாரிடமும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. பெருங்கம்பெனியைப் பின்பற்றச் சொல்லி நாம் இதை எடுத்துக்காட்டவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரரே வண்டிக்கும் சொந்தக்காரராக இருந்தால் கணக்கு எப்படி முடிகின்றது என்று காட்டவே சொன்னோம். கூட்டுறவுச் சங்கம் என்பதும் சரக்குக்காரர் பலர் சேர்ந்து ஒருவராவதே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் வரவிடமாட்டேன், எழுபது எண்பது இலட்சம் பேர் பிழைப்பை இழப்பார்கள் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் கூறினார். அவர் நினைப்பு நல்ல நினைப்பே. எனினும் ஓர் அமைச்சரின் சொல் சட்டம் அன்று. அடுத்து வருபவர் வேறு சொல்லலாம். கதவைச் சாத்தி வைத்திருக்கும் காலத்தை உள்ளே விதி வகுப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே நம் வாதம். அதற்குக் கருவியும் இல்லாமல் இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ம் பிரிவு, ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு மட்டுமின்றிச் சரக்கு வண்டிகளுக்கும், உச்ச வாடகையையும் குறைந்த வாடகையையும் பற்றி உத்தரவிட மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கின்றது. செல்போன் வழியே டாக்ஸி விடும் கம்பெனிகள் நெருக்கடி நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கலாகாது என்று 2020-ல் மத்திய அரசு வழிமுறை வகுத்தது. 2025 ஜூலையில் அதை இரு மடங்காக உயர்த்தியது. ஏற்றியது சரியா என்பது வேறு விஷயம். நகரத்தில் ஆபீசிலிருந்து வீடு திரும்புபவருக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், பருவத்தில் தோப்பிலிருந்து சந்தைக்குப் பழம் அனுப்புபவருக்கும் ஒன்று வேண்டும் என்பதை மறுக்க நியாயம் இல்லை.

வரம்பைவிட நாம் அதிகமாக வற்புறுத்துவது பகிரங்கம். இன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு லோடு இன்ன ஊருக்கு என்ன வாடகை என்பது லாரி புக்கிங் ஆபீசுக்கு எதிரே தேநீர்க் கடையில் நிற்பவர் அனைவருக்கும் தெரியும். ஒருவரிடம் கூடக் கேட்டால் அவர் அடுத்த ஆபீசுக்குப் போவார். இயந்திர லாரியின் வாடகையைச் சொல்லப் போவதும் ஓர் இயந்திரமே. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அவரவர் கையிலுள்ள கண்ணாடித் திரையில் விலை சொல்லும். இவர் சரக்கு அழுகும் சரக்கு, இவருக்கு வேறு வழியில்லை, சென்ற வாரம் இவர் கேட்டதைக் கொடுத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பக்கத்துத் தோட்டக்காரர் என்ன கொடுத்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. 1887-ல் ஒழிக்கப்பட்ட இரகசியக் கட்டணம் இவ்வாறு பின்வாசல் வழியே நுழைவதை நாம் அனுமதிக்கலாகாது. ஒரு பாதைக்கு, ஒரு நாளைக்கு, டன்னுக்கு இன்ன வாடகை என்று எழுதி ஒட்டாத வண்டிக்கு நம் சாலையில் அனுமதி இருத்தல் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆளில்லா லாரி நெடுஞ்சாலையில்தான் கெட்டி. சந்து, சந்தை, ஆட்டுமந்தை, தறிக்காரர் தெருவில் நீட்டியிருக்கும் பாவு இவற்றினிடையே அதன் திறமை செல்லாது. எனவே நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டகை அமைத்து, அங்கிருந்து அங்குவரை மட்டும் இயந்திரமும், கொட்டகையிலிருந்து ஊர்வரை மனிதரும் ஓட்டுவது என்னும் ஏற்பாட்டை அமெரிக்காவில் பேசி வருகின்றனர். ஓட்டுநர் ஓட்டுவதோடு நிற்பவரும் அல்லர். தார்ப்பாய் கட்டுபவரும், மழை வந்தால் இறங்கிப் பார்ப்பவரும், சீட்டில் கையெழுத்து வாங்குபவரும் அவரே. சாலையோரத்தில் நின்றுவிட்ட லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷத்துக்குள் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருக்கின்றது. இறங்கி வைக்க ஆள் இல்லாததால் விலக்குக் கேட்டார்கள். முதலில் மறுத்து, 2025 அக்டோபரில்தான் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாடு இங்கே வந்தால் வாடகை இரண்டாகப் பிளக்கும். கொட்டகைக்குக் கொட்டகை ஒரு வாடகை, அது குறையலாம். ஊரிலிருந்து கொட்டகைவரை இன்னொன்று. இருபது மைலுக்குள் முடிந்துபோகும் அந்தத் துண்டுக்கு மைலுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதைக் குறுந்தூர ரெயில் வாடகையின் கதை முன்னமே காட்டியிருக்கின்றது. நெடுஞ்சாலை லாரியைச் சங்கங்கள் வாங்க முடியாது. ஆனால் இந்த இருபது மைல் சங்கங்களால் எட்டக்கூடியது. வட்டாரத்துக்கு ஒன்றாக, நெசவாளர் சங்கமும் விளைபொருள் விற்பனைச் சங்கமும் கூட்டாகச் சில சிறு லாரிகளை வைத்துக்கொண்டு, சரக்கை ஒன்றுசேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால், அங்கே நிற்கும் கம்பெனியிடம் ஒரு மூட்டைக்காரராக அன்றி ஒரு லோடுக்காரராகப் பேசலாம். நெடுஞ்சாலையில் வேலை இழக்கும் ஓட்டுநர்களுக்கு இவ்வண்டிகளில் முதல் உரிமை தர வேண்டும் என்றும், வட்டார வாடகையை வகுக்கும் கமிட்டியில் அவர்களுள் ஒருவர் வாக்குரிமையோடு அமர வேண்டும் என்றும், அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் தீர்மானத்தை எழுதிவைக்க வேண்டுகின்றோம்.